வெறும் கம்பி

அந்த ஜிம் ஒரு டயர் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் இருந்தது. படியிறங்கும்போதே ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். மழைக்காலத்தில் படியோரச் சுவர் கசியும். கசிகிற இடத்துக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி இருக்கும், அதை யார் கொட்டுவது என்பதில் எப்போதும் தகராறும் இருக்கும். சலவை நிலையத்தில் வேலையை முடித்துவிட்டு, சொட்டுகிற குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அந்தப் படிகளில் இறங்கிய அன்று உள்ளே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். தொப்பையும் துண்டுமாகப் பெஞ்சில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஜிம்மை நடத்துகிறவர் அவர்தான். எல்லோருக்கும் மாஸ்டர்.

“யாரச் சேர்க்கணும்? பையனா, பொண்ணா?” என்றார்.

“நான்தான் சேரணும்.”

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது, காதோரம் நரை, சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். அவர் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்ததைத்தான் கவனிக்கவில்லை.

“முன்னாடி எங்கயாவது செஞ்சிருக்கீங்களா?”

“இல்ல. புதுசு.”

அதில் பாதி பொய். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பளு தூக்கியவள். கல்லூரிக்காகத் தூக்கினாள், பிறகு வேலை பார்த்த நூற்பாலையின் அணிக்காகத் தூக்கினாள். மேடையில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘கிரேன்’ என்று சொன்னால் கடைசி வரிசை வரைக்கும் கைதட்டும். மகள் வயிற்றில் வந்தபோது, கொஞ்ச நாள் போகட்டும் என்று நிறுத்தினாள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, விமானத்தில் போக வேண்டிய ஊரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அதனால் ‘புதுசு’ என்பதில் மீதிப் பாதி உண்மைதான்.

வாய் சொன்ன பொய்யைக் கை காப்பாற்றவில்லை. மூலையில் தட்டு மாட்டிய கம்பி ஒன்று கிடந்தது. அந்தக் காலத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள விளையாட்டாகத் தூக்குகிற எடை. கேட்காமல் கொள்ளாமல் போய்க் குனிந்து பிடித்தாள். கம்பி முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வர அதற்கு விருப்பமில்லை. பாதம் எங்கே, முதுகு எப்படி, மூச்சை எப்போது அடைப்பது என்று உடம்புக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. தூக்குவது ஒன்றுதான் முடியவில்லை. கம்பி விழுந்த சத்தத்தில் மேலே டயர் கடைக்காரர் தரையைக் காலால் உதைத்துத் திட்டினார்.

அவளுக்கு அவமானம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆச்சரியம். யாரோ இரவல் கொடுத்த கைகள் மாதிரித் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“புதுசுன்னு சொன்னீங்க,” என்றார் மாஸ்டர்.

“ஆமா.”

“புதுசா வர்றவங்க கட்டைவிரல உள்ள மடக்கி, அது மேல மத்த விரல வச்சுப் பிடிக்க மாட்டாங்க. வலிக்கும். சொல்லிக் குடுத்தாலும் செய்ய மாட்டாங்க.”

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“சரி, தெரிஞ்ச புதுசு. அதுதான் எனக்குப் பெரிய தலைவலி.”

“ஏங்க?”

“ஒண்ணும் தெரியாதவங்க சொன்னதக் கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க.”

சொல்லிவிட்டு அவர் மூலைக்குப் போய், தரை துடைக்கிற கட்டையை எடுத்து, துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வெறும் குச்சியை அவளிடம் நீட்டினார். ஒரு காலத்தில் தன் உடம்பு எடைக்கு மேல் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திய கிரேன், அன்று சாயந்திரம் முழுக்க ஒரு துடைப்புக் குச்சியைத் தூக்கி இறக்கினாள்.

அவள் ஏன் வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தில் ஒரு நாள் எண்ணெய் வழுக்கி விழுந்தார். முதுகில் அடி. ஆபரேஷன் நடந்தது. காலில் உயிர் இருக்கிறது, தினமும் நிற்க வைத்துப் பழக்கினால் நடந்துவிடுவார், படுக்கையில் போட்டே வைத்தால் கால் அப்படியே ஓய்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் வந்து அலாக்காகத் தூக்கி நிறுத்தினார்கள். வீட்டில் அவள் ஒருத்திதான். மெக்கானிக்கோ ஆள் வாட்டசாட்டம். நிறுத்துவது இருக்கட்டும், கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் அவரைச் சறுக்கி உட்கார வைப்பதற்குள்ளேயே அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

ஒரு சாயந்திரம் அந்தப் பலகை நழுவியது. மெக்கானிக் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. அவளும் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், பின்னால் போய் அணைத்துத் தூக்கினாள், போர்வையைக் கட்டி இழுத்தாள். ஆள் அசையவில்லை. கடைசியில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அவித்த முட்டையும் ரொட்டியும் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தரையிலேயே சாப்பிட்டார்கள். அது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் அவள் கீழே போய்க் காவல்காரரையும் காய்கறிக் கடைக்காரரையும் கூட்டிவந்தாள். அவர்கள் நல்ல மனுஷர்கள்தான். மூட்டையைத் தூக்குகிற மாதிரி ‘ஏய், பிடி பிடி’ என்று தூக்கினார்கள். சட்டை மார்பு வரைக்கும் ஏறிக்கொண்டது. மெக்கானிக் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி அவருடைய அக்காவுக்கு எப்படியோ எட்டியது. அடுத்த வாரமே வந்து நின்றாள்.

“உன்மேல ஒரு குறையும் சொல்லல,” என்று அவளிடம் சொன்னாள் நாத்தனார். “வேலைக்கும் போயிட்டு, ஒத்தப் பொம்பள நீ என்ன பண்ணுவ? எங்க வீட்ல தடிமாடு மாதிரி ரெண்டு பசங்க இருக்கானுங்க. முன் ரூம ஒழிச்சு வச்சுட்டேன். கட்டில விட்டு இறங்க விடாம, ராஜா மாதிரி வச்சுப் பாத்துக்கறேன். மழை விடட்டும். கார் எடுத்துட்டு வர்றேன்.”

“வர்றேன்க்கா,” என்றார் மெக்கானிக், சுவரைப் பார்த்தபடி.

கட்டிலை விட்டு இறங்க விடாமல். அந்தச் சொல்தான் அவளைத் தைத்தது. நாத்தனார் மனசில் கள்ளம் கிடையாது. ஊட்டுவாள், துடைப்பாள், திருப்பிப் படுக்க வைப்பாள், நிற்க மட்டும் வைக்க மாட்டாள். அந்தப் பாசத்திலேயே அவர் கால் செத்துப்போகும். நாத்தனார் வீடு பக்கத்திலும் இல்லை, போனால் வர ஒரு நாள். மழை விடுகிற வரைக்கும்தான் அவளுக்குத் தவணை. அதற்குள் இந்த மனுஷனைத் தன் கையால் தூக்கி நிறுத்த வேண்டும்.

அந்த வருஷம் மழையும் அவள் பக்கம் இருந்தது. பெய்துகொண்டே இருந்தது. மழைக்காலத்தில் சலவை நிலையத்தில் வேலை இரட்டிப்பு. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் இயந்திரத்துக்குள் சுற்றிச் சுற்றி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த முறுக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, மேசையில் அடித்துப் பிரித்து, சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். அவளோடு மடிக்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் போட்டால் சாயந்திரம்தான் ஓய்வாள்.

“என்னடி, நடையே ஒரு தினுசா இருக்கு?” என்றாள் ரேடியோ, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி.

“மாடிப்படி.”

“மாடிப்படி நேத்துக் கட்டினதா? உக்காரும்போது அம்மாங்கற, எந்திரிக்கும்போது அப்பாங்கற. குடும்பத்தையே கூப்பிடற.”

அவள் சிரித்து மழுப்பினாள். உண்மையில் அந்த வலியை அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை தொடையின் பின்பக்கம், புதன்கிழமை தோள்பட்டைக்கு நடுவே, இன்னொரு நாள் விலா எலும்புக்குப் பக்கத்தில் இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாத இடத்தில். இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று அதை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். சின்ன வயசில் தூக்கியபோது இதையெல்லாம் கவனித்ததே இல்லை. அப்போது எடைதான் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது தூக்குகிறவள் தெரிந்தாள்.

குச்சி போய் வெறும் கம்பி வந்தது. முதல் நாள் வெறும் கம்பியோடு உட்கார்ந்து எழுந்தபோது முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. மாஸ்டர் பிஸ்கட் மென்றபடி, “தட்டு மாட்டட்டுமான்னு கேப்பீங்களே, இப்ப கேளுங்களேன்,” என்றார். அவள் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவராகவே ஒரு சின்னத் தட்டை ஒவ்வொரு பக்கமும் மாட்டினார்.

வீட்டில் சலவை நிலையத்தில் வேலை அதிகம் என்று சொல்லியிருந்தாள். மெக்கானிக் காது குத்திக்கொள்கிற ஆள் இல்லை.

“கையக் காட்டு,” என்றார் தட்டு மாட்டுவதற்கு முன்னால் ஒரு நாள், சூப்பைக் குடித்துக் கிண்ணத்தை நீட்டும்போது.

“எதுக்கு?”

“காட்டு சொல்றேன்.” உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்தார். “சோப்பு வாசன இல்ல. துரு. இரும்பத் தொட்டுட்டு வர்ற. இந்த வாசனையிலயே வயித்தக் கழுவினவன் நான், என்கிட்டயா?”

அவள் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றாள்.

“ஜிம்முக்குப் போறேன்.”

மெக்கானிக் கையை விடவில்லை. விரலடியில் புதிதாகக் காய்த்திருந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“எவ்வளவு தூக்கற?”

“வெறும் கம்பி.”

“கிரேனா?”

“கிரேன்தான்.”

மெக்கானிக் சிரித்துவிட்டார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்கியதும், “எதுக்கு இந்த வயசுல?” என்று கேட்டார். கேட்டபோதே அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “உன் இடுப்பு போயிடும். நான் அக்கா வீட்டுக்குப் போறதுதான் எல்லாருக்கும் நல்லது.”

“இடுப்பு என்னுது. அதுக்கு நான் கவலப்படறேன்.”

மழை கொஞ்சம் குறைந்த ஒரு மத்தியானம் முயன்று பார்த்தாள். கட்டில் விளிம்பில் அவரை உட்கார வைத்து, எதிரே நின்று, அக்குளுக்கு அடியில் கைகொடுத்து முதுகில் கோத்துக்கொண்டாள். தட்டுகள் கூடிக் கூடி, ஜிம்மில் இப்போது இதில் பாதிக்கு மேல் தூக்கியாகிவிட்டது, மீதியை வைராக்கியம் பார்த்துக்கொள்ளும் என்று அவள் கணக்கு.

“அசையாதீங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

மெக்கானிக் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிமிர்ந்து, விறைப்பாக உட்கார்ந்தார். அவள் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது, காது அடைத்தது. ஒரு சாண்கூட எழும்பவில்லை. இருவரும் கட்டிலில் சரிந்தார்கள்.

“நான் ஒரு துளி அசையல,” என்றார் மெக்கானிக், ஏதோ தன் பங்குக்கு உதவி செய்துவிட்ட மாதிரி. “ஜாக்கி மேல ஏத்தின வண்டி மாதிரி அப்படியே இருந்தேன்.”

அவளும் அதைத்தான் பாராட்டினாள். அன்றைக்கு அது இருவருக்கும் சரியாகவே பட்டது.

அதற்கடுத்த வாரம் மழை விட்டது. வெயில் வந்து, ஜிம் படிச் சுவர்கூடக் காய்ந்தது. நாத்தனார் போன் செய்தாள். “ஞாயித்துக்கிழம வர்றோம். துணியெல்லாம் எடுத்து வை.”

அன்று சாயந்திரம் அவள் ஜிம்முக்குப் போய்க் கம்பியைத் தொடாமல் மாஸ்டர் முன்னால் நின்றாள்.

“மாஸ்டர், உங்களத் தூக்கிப் பாக்கலாமா?”

மாஸ்டருக்குப் புரை ஏறியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்தது, காவல்காரர், நாத்தனார், ஞாயிற்றுக்கிழமை. கேட்டு முடித்ததும் அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

“இத மொதல் நாளே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க கேக்கலையே.”

“சரி. நான் என்ன, செத்த மாதிரி உக்காரணுமா?”

“சாக வேணாம். அசையாம இருந்தாப் போதும். அவரும் அப்படித்தான் இருப்பாரு.”

மாஸ்டர் பெஞ்சில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். ஊஹும். பாதத்தை அகட்டித் தூக்கினாள். மாஸ்டர் அங்கேயே முளைத்த மாதிரி இருந்தார். இன்னொரு தடவை தம் பிடித்தபோது அவர் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் நழுவியது. ‘ஐயோ’ என்று அதைப் பிடிக்க அவர் முன்னால் பாய்ந்தார். அவ்வளவுதான். அவள் கைக்குள் இருந்த கனம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு நொடியில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள், காலடியில் பிஸ்கட் சிதறிக் கிடந்தது.

“நீங்களா எந்திரிச்சீங்களா?” என்றாள்.

“நான் பிஸ்கட்டப் பிடிக்கப் போனேன். நீங்க தூக்கலையா?”

“நான் தூக்கின மாதிரியே இல்ல.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாஸ்டர் தானாகவே மறுபடி போய் உட்கார்ந்தார். பிஸ்கட் இல்லாமல் முன்னால் குனிந்து பார்த்தார்: எழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்: எழவில்லை. காலை முன்னால் நீட்டிப் பார்த்தார்கள், பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். மூக்கு முழங்காலைத் தாண்டி வரும்போது பின்புறம் தானாகப் பெஞ்சை விட்டுக் கிளம்புகிறது, பாரம் பாதத்துக்கு வந்துவிடுகிறது, அந்த இடத்தில் அவள் கொஞ்சம் பிடித்தால் போதும். மாஸ்டர் காலில் பலம் வைக்காமல் தொங்கியும் பார்த்தார். அப்போது கனமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் இத்தனை நாள் தூக்கிப் பழகிய கனம் அது. இடம் மாறினார்கள், அவள் உட்கார்ந்து அவர் தூக்கினார். புது பொம்மை கிடைத்த பிள்ளைகள் மாதிரி இருவரும் வேர்த்து வழிந்தார்கள். உள்ளே வந்த ஒரு ஆள் இதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் படியேறிப் போய்விட்டார்.

கம்பி அசையக் கூடாது என்பது அவள் தொழில். ஜாக்கி மேல் ஏறிய வண்டி அசையக் கூடாது என்பது அவர் தொழில். இரண்டு பேருடைய அனுபவமும் சேர்ந்து அந்த மனுஷனைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தது. இது புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சனிக்கிழமை வீட்டில் சொன்னாள். மெக்கானிக் கவனமாகக் கேட்டார். இயந்திரம் என்றால் அவருக்கு எப்போதும் காது கூர்மை.

“நீ சொல்றது கரெக்ட்டு. புரியுது,” என்றார். “ஆனா நான் செய்ய மாட்டேன்.”

“ஏங்க?”

“ஜாக்கி நழுவினத நான் கண்ணால பாத்திருக்கேன். உள்ள உக்காந்திருந்தவன் ஒருத்தன் லேசா அசைஞ்சான், அவ்வளவுதான். அடியில வேலை பாத்துட்டிருந்தவன் என் கூடச் சாப்பிட்டவன்.” அவர் போர்வை நுனியை விரலில் சுற்றினார். “நான் முன்னால சாஞ்சு, உன்னால தாங்க முடியாமப் போயி, நீ என் அடியில மாட்டிக்கிட்டீன்னா? என்னால எந்திரிக்கவும் முடியாது. உன்னத் தூக்கவும் முடியாது. அதுக்கு நான் அக்கா வீட்ல படுத்தே கெடக்கறேன்.”

சுவரைப் பார்த்துப் பார்த்து அவர் இத்தனை நாள் இதைத்தான் மென்றுகொண்டிருந்தார். அவரோ தன்னை விட்டுப் போக விரும்புகிறார் என்று அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அவள் அவர் சட்டைகளை மடித்து வைத்தாள், பெட்டியை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்து கீழே நின்றது. பையன்கள் காரிலேயே இருந்தார்கள், நாத்தனார் மட்டும் மூச்சு வாங்க மேலே வந்தாள். கையில் புது ரப்பர் விரிப்பு.

“கிளம்பலாமா தம்பி? பசங்களக் கூப்பிடறேன், தூக்கிட்டுப் போயிடுவானுங்க.”

“அண்ணி, ஒரு நிமிஷம்,” என்றாள் அவள். “ஒரே ஒரு நிமிஷம் குடுங்க.”

புருஷனைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பாதத்தையும் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நின்று, முதுகில் கை கோத்தாள்.

“சாயுங்க.”

அவர் சாய்ந்தார். பாதி வந்ததும் பழக்கம் பிடித்துக்கொண்டது. உடம்பு விறைத்தது, மூச்சு நின்றது. அவள் இழுக்க, எழும்ப இருந்தவர் அப்படியே பின்னால் போய் விழுந்தார். கட்டில் கிறீச்சிட்டது.

“போதும்டீ!” நாத்தனார் கத்தினாள். “ரெண்டு பேரும் விழுந்து வைப்பீங்க. நான் பசங்களக் கூப்பிடறேன்.”

“அக்கா சொல்றது சரிதாம்மா,” என்றார் மெக்கானிக். முகம் வெளுத்திருந்தது. “விட்டுடு. அடியில மாட்டிக்கப் போற.”

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். நாத்தனார் முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

“என்னப் பாருங்க. நான் உங்க அடியில இல்ல. எதிர்ல இருக்கேன். நீங்க வண்டியும் இல்ல, நான் ஜாக்கியும் இல்ல. என் ஒருத்தியால உங்களத் தூக்க முடியாது, தெரிஞ்சு போச்சு. நீங்களும் வந்தாத்தான் முடியும். வர்றீங்களா, இல்லையா?”

மெக்கானிக் அவளையே பார்த்தார். கீழே காரில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டார். பிறகு தலையைக் குனிந்து அவள் தோளில் கொண்டுவந்து வைத்து, தன் பாரம் முழுவதையும் அவள் பக்கம் கொடுத்தார்.

அவள் பாதத்தை அழுத்தி ஊன்றினாள். அவர் பின்புறம் கட்டிலை விட்டுக் கிளம்பியது அவளுக்குத் தெரிந்தது. அங்கே பிடித்தாள். அவருடைய கால்களும், எங்கிருந்தோ கொஞ்சம் பலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, தரையை அழுத்தின. அதையும் அவள் தன் கையில் உணர்ந்தாள். அது அவளுடைய பலம் இல்லை. மேலே வந்தார்கள், இன்னும் மேலே. நின்றுவிட்டார்கள்.

நாத்தனார் ரப்பர் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“அக்கா,” என்றார் மெக்கானிக். “நான் வரலக்கா.”

நாத்தனார் தலையாட்டினாள். ஜன்னலுக்குப் போய்க் குனிந்து, “டேய், வண்டிய நிறுத்திட்டு மேல வாங்கடா. வந்து உங்க மாமாவப் பாருங்கடா,” என்று கத்தினாள்.

மெக்கானிக்கின் கால் வெடவெடத்தது. உட்கார வைக்கலாமா என்று கேட்கத்தான் அவள் அவர் முகத்தைத் தேடினாள். வழக்கம்போலக் கீழே பார்த்தாள். அங்கே அவர் சட்டைப் பொத்தான்தான் இருந்தது. இத்தனை மாசமாகப் படுக்கையிலும் நாற்காலியிலும் குனிந்து குனிந்தே பார்த்து, இந்த மனுஷன் தன்னைவிட ஒரு தலை உயரம் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். பிடியை விடாமல், மெதுவாக அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.